"ஆரையாவது தெரியுமோ?" – பட்டப்பின் படிப்பும் கற்பித்தல் உதவியாளர் பதவியும்

சென்ற சரஸ்வதி பூசையன்று, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு சப்பாத்துத் தட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த என்னை ஓர் அம்மையார் மறித்தார்.

"டொக்டர் தம்பி, அக்காவின்ரை மகன் ஊரிலையிருந்து மாஸ்ரேர்ஸ் செய்ய வந்து நிக்கிறான். செப்டெம்பரும் போட்டுது. உந்த ரீ.ஏ. வேலை ஒண்டு எடுத்துக் குடுத்தியள் எண்டால் பெரிய உதவியாயிருக்கும். உங்களுக்கு அங்கை ஆரையாவது தெரியுமோ?"

எனக்கு ஒருவரையும் தெரியாது என்றேன். அம்மையார் நம்பவில்லை. இத்தனை வருடமாக மொன்றியலில் வைத்தியம் பார்ப்பவனுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆளில்லை என்றால் எம்மவரில் யார்தான் நம்புவார்கள்? பையன் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நின்றான். அவனுடைய சங்கடத்தைப் பார்த்தபோது எனது பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. "தம்பி, சனிக்கிழமை வீட்டுக்கு வாரும், கதைப்பம்" என்று சொல்லி அனுப்பினேன். அன்று அவனுக்குச் சொன்னவற்றைப் பிற பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நன்று என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியைப் பற்றி. ஊரிலே கிளறிக்கல் வேலை முதல் ஆசிரிய நியமனம் வரை ஆளைப் பிடித்தே காரியம் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே கற்பித்தல் உதவியாளர் பதவியும் ஒரு பெரியவர் மனமிரங்கித் தரும் சலுகை என்றே எண்ணிக்கொள்கிறோம். அது அப்படியன்று. அது விளம்பரம் செய்து, விண்ணப்பம் கேட்டு, மணிக்கணக்கு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கப்படும் ஓர் உத்தியோகம். இளமாணி மாணவரின் செய்முறை வகுப்பை நடத்துதல், ரியூற்றோரியல் எடுத்தல், விடைத்தாள் திருத்துதல், பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்தல் ஆகியவை அதன் கடமைகள். மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு முழுப் பதவி என்பது தவணைக்கு 180 மணித்தியாலம், அதாவது வாரத்துக்குச் சராசரி 12 மணித்தியாலம். மணிக்கு முப்பது டொலருக்கு மேல் கிடைக்கிறது. முப்பது என்றே வைத்துக்கொண்டாலும் தவணைக்கு 5,400 டொலர். வாடகையும் மெட்ரோச் சீட்டும் சாப்பாடும் கட்டிக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு இது சிறு தொகையன்று.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் உறவினர், "எங்கடை பிள்ளைக்கு ரீ.ஏ. கிடைச்சது, பீஸ் முழுக்கத் தள்ளுபடி" என்று தொலைபேசியில் சொல்லுவார்கள். அங்கே பல இடங்களில் அது உண்மை. கனடாவில் பெரும்பாலும் அப்படியில்லை. இங்கே அது சம்பளம் மட்டுமே, கட்டணம் வேறு கணக்கு. இதை அறியாமல் வரவு செலவு போட்டுக்கொண்டு விமானம் ஏறி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நிற்க. என் கதைக்கு வருகிறேன். 1997 இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணத்து எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு இந்நகருக்கு வந்தேன். பார்க் எக்ஸ்ரென்சனில் அண்ணன் வீட்டு வரவேற்பறையில் படுக்கை. அடுத்த ஜனவரியில் அந்தப் பெரிய பனிமழை வந்தது. மின்கம்பங்கள் முறிந்து நகரமே இருட்டில் கிடந்தபோது, "இதுக்குத்தானோ ஊரைவிட்டு வந்தனாங்கள்" என்று அண்ணி மெழுகுதிரியைக் கொளுத்தினார். எனக்கு அந்த இருட்டு புதிதல்ல. வைத்திய அனுமதி கிடைப்பதற்கோ பரீட்சைகள், காத்திருப்பு, பணம் என்று நீண்ட வழி. அதற்கிடையில் 1998 செப்டெம்பரில் இந்நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடற்றொழிலியலில் முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.

சேர்ந்தவுடன் திணைக்களம் என்னைக் கூப்பிட்டு வகுப்புக் கொடுக்கும் என்று நம்பிக்கொண்டு காத்திருந்தேன். வைத்தியப் பட்டதாரி அல்லவா! ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் என்னோடு சேர்ந்த ஒரு சீன மாணவரும் ஓர் ஈரானியப் பெண்ணும் ஏற்கெனவே வகுப்பெடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் கோடையிலேயே விண்ணப்பித்திருந்தார்கள். நான் விண்ணப்பப் படிவம் என்று ஒன்று இருப்பதையே அறியேன். அந்தத் தவணை முழுதும் இரவு பன்னிரண்டு மணி வரை ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவினேன். காலையில் ஆய்வுகூடம். ஒருநாள் கருத்தரங்கிலே முன்வரிசையில் இருந்தபடி நித்திரையாகிப் போனேன். பேசிக்கொண்டிருந்தவர் என் மேற்பார்வையாளர்.

ஜனவரித் தவணைக்கு முறைப்படி விண்ணப்பித்தேன். பட்டம், பரிசு, பெற்ற புள்ளிகள் என இரண்டு பக்கம் எழுதினேன். பதில் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, செய்முறை வகுப்புகளுக்குப் பொறுப்பான அம்மையாரின் அறைக்கதவைத் தட்டினேன். அறுபது வயது மதிக்கத்தக்கவர். என் தாளை எடுத்து வாசித்துவிட்டு, "நீ படித்ததெல்லாம் இதில் இருக்கிறது. நீ யாருக்காவது எதையாவது படிப்பித்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருந்த மாதங்களில் உடற்கூற்றியல் பிரிவில் டெமொன்ஸ்ரேற்றராக இருந்ததை. அதற்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாதிருந்த வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ரியூற்றறி ஒன்றிலே உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேருக்கு விலங்கியல் படிப்பித்ததை. கரும்பலகையில் இதயத்தை வரைந்தால் பின்வாங்கில் இருப்பவனுக்குத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் வாயால் சொல்லி விளங்கப்படுத்தப் பழகியதை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை ஏன் எழுதவில்லை?" என்றார்.

ஏன் எழுதவில்லை? எங்கள் ஊரில் ரியூசன் என்பது வேலை கிடைக்கும் வரை செய்வது. அதை ஒரு தகைமை என்று யாரும் நினைப்பதில்லை. டெமொன்ஸ்ரேற்றர் வேலையும் அப்படித்தான், நியமனம் வரும்வரை நிற்கும் தரிப்பிடம். எனவே அவர்களுக்கு வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு, அவர்களுக்குத் தேவையில்லாத பத்தை எழுதியிருந்தேன். அம்மையார் எனக்குச் சலுகை எதுவும் செய்யவில்லை. திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். யாரோ ஒருவர் விலகியதால் ஒரு பாதி இடம் வந்தது. அது எனக்குக் கிடைத்தது.

முதல் வகுப்பு இரத்த அழுத்தம் அளக்கும் செய்முறை. என் ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்களுடையது எனக்கு விளங்கவில்லை. ஒரு மாணவி ஸ்ரெதஸ்கோப்பில் ஒன்றுமே கேட்கவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாள். போய்ப் பார்த்தால் காதுக் குழாயை மறுபுறம் திருப்பி மாட்டியிருந்தாள். சரியாக மாட்டிவிட்டு, கைப்பட்டியைக் காற்றடித்து மெல்லத் தளர்த்தினேன். முதல் 'டப்' ஒலி கேட்டதும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை இன்றும் மறக்கவில்லை. அந்நாட்டுக்கு வந்த பின் நான் ஒரு வைத்தியன் என்ற நினைவு எனக்கே திரும்பி வந்தது அன்றுதான்.

இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், மூத்த மாணவன் இளைய மாணவனுக்குப் படிப்பிக்கும் முறை மேற்கிலே பரவியதற்கு எங்கள் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். 1789 இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தமது பள்ளியிலும் அப்படிச் செய்ய விரும்பினார். உதவி ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே ஜோன் பிறிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு நன்றாக நடந்தது. பெல் இங்கிலாந்து திரும்பி 1797 இல் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். எங்கள் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனான் என்று சொல்லலாம்.

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்ரர் என்பவரும் இதையொத்த முறையில் பெரிய பள்ளி நடத்தினார். யார் முந்தியவர் என்று இரு கட்சியாரும் நெடுநாள் சண்டை பிடித்தது வேறு கதை. அந்த லங்காஸ்ரர் 1829 இல் இந்த மொன்றியலுக்கே வந்து சில வருடங்கள் பள்ளி நடத்தினார். அவர் வருமுன்பே, 1822 இல், இங்கே 'பிரிட்டிஷ் அன்ட் கனேடியன் ஸ்கூல்' அவரது முறையைத் தழுவித் தொடங்கப்பட்டிருந்தது. 1826 இல் அதற்குக் கட்டிய கல்லாலான கட்டடம் சைனா ரவுணில், லா கோஷத்தியேர், கோத்தே தெருக்கள் சந்திக்கும் மூலையில் இன்றும் நிற்கிறது. நொத்ரடாம் பேராலயத்தைக் கட்டிய ஜேம்ஸ் ஓடொனல்தான் இதன் சிற்பியும். பின்னாளில் நெடுங்காலம் நூடில்ஸ் தொழிற்சாலையாக இருந்தது. அந்த வழியால் போகிறவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். இன்றைய ரீ.ஏ. பதவி அந்த மணலிலிருந்து நேரே முளைத்தது என்று நான் வாதாடவில்லை. ஆனால் படிப்பிக்கும் மாணவன் என்ற எண்ணம் எங்களுக்கு அந்நியமானதன்று.

இந்த உத்தியோகத்தை 'உதவியாள்' வேலை என்று குறைவாக எண்ணுவோருக்காக இன்னுமொன்று. 1900 இல் பிரெடெரிக் சொடி என்ற இளைஞர் ரொறன்ரோவில் பேராசிரியர் பதவி கேட்டுக் கடல் கடந்து வந்தார். கிடைக்கவில்லை. மொன்றியலில் மக்கிலின் இரசாயனவியல் பிரிவில் டெமொன்ஸ்ரேற்றர் பதவியை ஏற்றுக்கொண்டார். பக்கத்திலே பௌதிகவியலில் ரதர்போர்ட் இருந்தார். இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில்தான் ஒரு மூலகம் தானாகவே வேறொரு மூலகமாக மாறுகிறது என்பது நிறுவப்பட்டது. ரதர்போர்டுக்கு 1908 இலும் சொடிக்கு 1921 இலும் நோபல் பரிசு. அதே கூட்டத்தில் ஹரியற் புறூக்ஸ் என்ற பெண்மணியும் இருந்தார். 1899 முதல் ரோயல் விக்ரோறியாக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து, 1901 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயோர்க்கில் கற்பித்தபோது, கலியாணம் செய்வதானால் வேலையை விடவேண்டும் என்று அக்கல்லூரித் தலைவி சொல்ல, அவர் எதிர்த்து எழுதிய கடிதங்கள் இன்றும் பேசப்படுகின்றன. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர் சரித்திரத்தைத் தேடி வாசிக்கவேண்டும்.

இனிப் பையனுக்குச் சொன்ன காரியங்கள்.

காலம் முக்கியம். செப்டெம்பர்த் தவணைக்கான இடங்கள் கோடையிலேயே விளம்பரமாகிவிடும். ஜனவரித் தவணைக்கானவை இலையுதிர் காலத்தில். இப்போது விண்ணப்பம் யாவும் கணினி வழியேதான். ஆனால் கணினியில் அனுப்பிவிட்டு வாளாவிருத்தல் போதாது. அந்தப் பாடத்தை நடத்துபவருக்கு நாலு வரி எழுதி, பத்து நிமிடம் சந்திக்கக் கேட்கலாம். இது ஆளைப் பிடிப்பதாகாதா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆளைப் பிடிப்பதென்றால் வேறொருவர் உனக்காகப் பேசுவது. இது உன் தகுதியை நீயே போய்ச் சொல்வது. பாடத்திட்டத்தை முன்கூட்டியே வாசித்து, "இந்த மூன்றாவது செய்முறையை நான் ஊரிலே செய்திருக்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தவனை எவரும் மறந்துவிடமாட்டார்கள். மக்கிலில் முன்னுரிமைப் பட்டியல் என்று ஒன்றும் உண்டு. ஆதலால் முதல் தவணையில் சிறிய பங்கு கிடைத்தாலும் ஏற்றுக்கொள்வதே புத்தி.

சேர்க்கைக் கடிதத்தை மறுபடி எடுத்து வாசிக்கச் சொன்னேன். அதிலே வருடத்துக்கு இவ்வளவு உதவித்தொகை என்று போட்டிருக்கும். அந்தத் தொகைக்குள் ரீ.ஏ. சம்பளமும் அடக்கமா, அல்லது அதற்கு மேலா என்பதை வாயால் அல்ல, எழுத்தில் கேட்டு அறியவேண்டும். அடக்கம் என்றால், நீ வகுப்பெடுத்துச் சம்பாதித்தாலும் மொத்த வருமானம் கூடாது. இந்த ஒரு வரியை விளங்காமல் எத்தனையோ குடும்பங்களில் மனத்தாங்கல். இன்னொன்று, புலமைப்பரிசிலுக்குப் பொதுவாக வரி இல்லை, ரீ.ஏ. சம்பளத்துக்கு உண்டு. வருட முடிவில் கனடாவுக்கு ரீ-4 என்றும் கியூபெக்குக்கு ரெலவே 1 என்றும் இரண்டு தாள் வரும். எறிந்துவிடக்கூடாது.

வெளிநாட்டு மாணவரின் கடதாசிகளைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். கியூபெக்கின் அனுமதிச் சான்றிதழும் கனடாவின் கல்வி அனுமதிப்பத்திரமும் ஒழுங்காக இருந்து, முழுநேர மாணவராகவும் இருந்தால், பல்கலைக்கழக வளவுக்குள் வேலை செய்யத் தனியான தொழில் அனுமதி வேண்டியதில்லை. வெளியிலே செய்யும் வேலைக்குத்தான் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 24 மணித்தியாலம் என்ற எல்லை, அதுவும் 2024 நவம்பரிலிருந்து. ஆனால் சமூகக் காப்புறுதி இலக்கம் இல்லாமல் சம்பளம் கிடையாது. அதை வந்த கிழமையே எடுத்துவிடவேண்டும்.

பிரெஞ்சு மொழியை மறக்கவேண்டாம். மொன்றியல் பல்கலைக்கழகத்திலும் யூகாமிலும் இந்தப் பதவிக்கு 'ஒக்சிலியேர் டான்சென்யமான்' என்று பெயர். அங்கே பிரெஞ்சு இல்லாமல் வாசலும் திறவாது. ஆங்கிலப் பல்கலைக்கழகம்தானே என்று மக்கிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி: அங்கே மாணவர் தமது எழுத்து வேலைகளைப் பிரெஞ்சிலும் சமர்ப்பிக்கும் உரிமை உடையவர். பிரெஞ்சில் திருத்தக்கூடிய உதவியாளருக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

கடைசியாக மணிக்கணக்கு. இதிலேதான் நான் ஏமாந்தேன், ஏமாற்றியவன் என்று ஒருவரையும் சொல்வதற்கில்லை. எனக்குத் தந்தது பாதி இடம். விடைத்தாள் திருத்தியதையும் ஆயத்தம் செய்ததையும் சேர்த்தால் ஏறக்குறைய முழுப் பதவியின் நேரம் வேலை செய்திருப்பேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. கிடைத்ததே பெரிது என்ற நன்றி. நன்றி நல்ல குணம்தான், ஆனால் அது சம்பளத்துக்கு மாற்றன்று. மக்கிலில் இப்போது தவணைத் தொடக்கத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று ஒரு படிவத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுகிறார்கள். அதைக் கவனமாக நிரப்பி, செய்த நேரத்தை ஒரு கொப்பியில் குறித்துவரவேண்டும். மணி முடிந்துபோகும் போலிருந்தால் முடியுமுன்பே சொல்லவேண்டும், முடிந்த பின் அல்ல.

அந்தப் படிவம் வானத்திலிருந்து விழவில்லை. மக்கிலின் கற்பித்தல் உதவியாளர் 1990களில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2008 வசந்தத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மார்ச்சில் மறுபடியும் செய்தார்கள். அப்போது எங்கள் வீடுகளில் சில தகப்பன்மார், "படிக்க வந்த பிள்ளைக்குக் கொடி பிடிக்கிற வேலை வேண்டாம், விசாவுக்கு ஆபத்து வந்திடும்" என்று தடுத்ததாக அறிந்தேன். பயத்தை நான் பழிக்கமாட்டேன், பயந்து பயந்து வந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் சங்க உறுப்பினர் பங்குபற்றுவது குற்றமன்று. அதன் பயனாக வரும் சம்பள உயர்வை எங்கள் பிள்ளைகளும் கைநீட்டி வாங்குகிறார்கள். ஆகவே மறியலில் அரைநாள் நிற்பதில் தப்பில்லை என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். இதிலே என்னோடு முரண்படுவோர் எங்கள் சங்கத்திலேயே பலர் உண்டு.

பையன் இரண்டு சனிக்கிழமை வந்தான். அவனுடைய முதல் விண்ணப்பத்திலும் ஊரிலே மூன்று வருடம் கணிதம் படிப்பித்தது இல்லை. "அது ரியூசன்தானே மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாற்றி எழுதினோம். மூன்று பாடங்களுக்குப் போட்டான். இரண்டுக்குப் பதிலில்லை. மூன்றாவதில் 90 மணித்தியாலம் கிடைத்தது, பெரும்பாலும் விடைத்தாள் திருத்தல்.

தைப்பொங்கலன்று அம்மையார் ஒரு பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வீட்டுக்கு வந்தார். "எனக்குத் தெரியும், நீங்கள் ஆரோடையோ கதைச்சிருப்பியள்" என்றார். நான் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பொங்கலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.